முதலாண்டு வகுப்பில் ஒரு லாரியும் ஒரு காரும்

அறிமுகப் பாடம் எளிய பாடம் என்று எண்ணுவோர் பலர்; உண்மையில் கற்பிப்பதற்கு மிகக் கடினமானது அதுவே எனலாம், ஏனெனில் முதலாண்டு மாணவர் வெறுங்கையோடு வருவதில்லை, அன்றாட அனுபவத்தில் ஊறிய தவறான கருத்துகளோடு வருகிறார்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர், கனமான லாரியும் சிறிய காரும் மோதும்போது எது அதிக விசையைச் செலுத்துகிறது என்பது போன்ற வினாக்களைத் தந்தபோது, கடினமான கணக்குகளைத் திறம்படப் போட்ட மாணவர்களிலும் பலர் தடுமாறினர். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி இரு விசைகளும் சமம். காரின் நிறை குறைவு என்பதால் அதன் வேகமே பெரிதும் மாறுகிறது.

1991இல் அவர் கைக்கொண்ட சக மாணவர் வழிக் கற்றலில், ஆசிரியர் சிறிது விளக்கியபின் ஒரு கருத்துவினாவை, அதாவது கணக்கீடின்றிப் புரிதலை மட்டும் சோதிக்கும் வினாவை, முன்வைக்கிறார். மாணவர்கள் தனித்தனியே விடையளித்து, மாற்று விடை சொன்ன பக்கத்து மாணவரோடு வாதிட்டு, மீண்டும் விடையளிக்கின்றனர். சற்றுமுன் புரிந்துகொண்ட மாணவருக்குத் தாம் இடறிய இடம் நினைவிலிருக்கும்; பல்லாண்டு பழகிய பேராசிரியருக்கோ அது மறந்தே போயிருக்கும். வாதத்திற்கு வகுப்பு நேரம் செலவாவதால், பாடநூலை முன்கூட்டியே படித்துவருவது மாணவரின் பொறுப்பாகிறது. அவர்களைப் படிக்கவைப்பதுதான் பெரும்பாடு.