நடுக்கடலில் நாலரை நிமிடம்

ஹோனலூலுவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ 3,860 கிலோமீட்டர். வழியில் கால் வைக்க ஒரு திட்டு கூடக் கிடையாது. அந்தத் தூரத்தை மாடி அறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஓட்டுகிறேன், ஏறக்குறைய எட்டு மணி நேரம். நேரத்தை நாலு மடங்கு வேகமாக ஓடவிடும் வசதி சிமுலேட்டரில் உண்டு. அதைத் தொடுவதில்லை, தொட்டால் அது வெறும் வீடியோ கேம்.

விமானம் டிசி-6, நாலு பிஸ்டன் இன்ஜின் கொண்ட பழைய டக்ளஸ். உயரம் பிடித்து ஆட்டோபைலட்டைப் போட்டபின் பார்க்க ஒன்றுமில்லை. நீலம், மேகம், மேகத்தின் நிழல். காபி கொண்டுவந்த மனைவி திரையை எட்டிப் பார்த்து, "என்னங்க, இன்னும் கடலே முடியலையா?" என்றாள்.

முப்பது வருஷம் வங்கியில் பேரேடு பார்த்தவனுக்கு இந்த வெறும் பொழுதில்தான் வேலை. இன்ஜின் கெட்டால் முன்னே போவதா, திரும்புவதா? பாதி வழியான 1,930 கிலோமீட்டர்தான் எல்லை என்று தோன்றும். காற்று அதை ஒப்புக்கொள்ளாது. விமானத்தின் வேகம் 450, பின்னாலிருந்து தள்ளும் காற்று 50 என்றால், முன்னே போகும்போது மணிக்கு 500 கிலோமீட்டர். திரும்பினால் அதே காற்று முகத்தில் அடித்து 400. இரண்டு கரைக்கும் சம நேரம் ஆகும் இடம் 1,715 கிலோமீட்டரிலேயே வந்துவிடும். இதைச் சமநேரப் புள்ளி என்பார்கள்.

கோளாறுகளைத் தானாக வரவழைக்கும்படி வைத்திருந்தேன். 1,690ஆவது கிலோமீட்டரில் மூன்றாம் இன்ஜின் நின்றது. தாளில் 1,715 என்று எழுதியிருக்கிறதே, திரும்பிவிடலாம் என்று கையை நீட்டியவன் நிறுத்தினேன். மூன்று இன்ஜினில் வேகம் 380தான் வரும். விமானம் மெதுவாகப் போனால் காற்றின் பங்கு கூடும், புள்ளி பின்னுக்கு நகரும். புதுக் கணக்கில் அது 1,676. ஆகவே முன்னே போவதுதான் சரி. எவ்வளவு மிச்சம் என்று கேட்காதீர்கள்: ஐந்து மணி நேரப் பயணத்தில் நாலரை நிமிடம். அதற்குத்தான் சட்டை நனைய வியர்த்தது.

1956 அக்டோபர் 16 அன்று இதே கடல்மேல் ஒரு பான் அமெரிக்கன் விமானத்துக்கு இந்தக் கணக்கும் கைகொடுக்கவில்லை. இரவில் இரண்டு இன்ஜின் போய்விட, எந்தக் கரைக்கும் எரிபொருள் போதாது. நடுவழியில் வானிலைக் காவலுக்கு நின்ற பான்ட்சார்ட்ரெயின் என்ற அமெரிக்கக் கடலோரக் காவல் கப்பலை விடியும்வரை சுற்றிக்கொண்டிருந்தார் கேப்டன் ரிச்சர்ட் ஆக். கடலில் இறங்கினால் வால் முறியலாம் என்று அங்கிருந்த பயணிகளை முன்னால் உட்காரவைத்தார். இறங்கியபோது வால் முறியத்தான் செய்தது. 31 பேரும் பிழைத்தார்கள்.

அந்தக் கப்பலின் காவல் இடம் 30 டிகிரி வடக்கு, 140 டிகிரி மேற்கு. அடுத்த முறை சற்று வளைந்து அதன் மேலாகப் போகப் போகிறேன். என் சிமுலேட்டரில் அங்கே கப்பல் இல்லை.