வனவியல் படித்தால் என்ன வேலை?

வரப்பில் பல வருடம் நின்ற தேக்கு மரத்தைச் சுற்றி வந்து, கண் மதிப்பாக ஒரு விலை சொல்கிறார் வியாபாரி. நாமும் முன்பணம் வாங்கி விடுகிறோம். எத்தனை கன அடி தேறும் என்று அளந்து சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அந்த ஆளை உருவாக்கும் படிப்புதான் வனவியல். பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகள் உள்ள விவசாயிகள் இதை அறிந்து கொள்வது நல்லது.

எங்கே படிக்கலாம்?

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வனக் கல்லூரி மேட்டுப்பாளையத்தில் இருக்கிறது. இங்கு வனவியல் பட்டப்படிப்பு நான்கு ஆண்டு. பிளஸ் டூவில் அறிவியல் பாடங்கள் படித்திருக்க வேண்டும். மதிப்பெண் தரவரிசைப்படி இடம் கிடைக்கும். மாணவிகளும் சேரலாம்.

விதை சேகரிப்பு, நாற்றங்கால், மர வளர்ப்பு, வன விலங்கு, மண் அரிப்புத் தடுப்பு, பயிரோடு மரம் வளர்க்கும் முறை ஆகியவற்றைக் கற்கிறார்கள். மர அளவையும் ஒரு பாடம். 4 அடி சுற்றளவும் 10 அடி நீளமும் உள்ள உருட்டுக் கட்டையை எடுத்துக் கொள்வோம். சுற்றளவில் கால் பங்கு 1 அடி. அதை அதனாலேயே பெருக்கி நீளத்தால் பெருக்கினால் 10 கன அடி. இது வியாபாரக் கணக்கு. உண்மையில் அந்தக் கட்டையில் இருப்பது சுமார் 12.7 கன அடி! அறுப்புச் சேதத்துக்கென்று வழக்கமாக விடப்படும் கழிவு இது. இதை அறிந்தவர் விலை பேசும்போது ஏமாற மாட்டார்.

அரசுப் பணிகள்

இந்திய வனப் பணிக்கு மத்திய தேர்வாணையம் தேர்வு நடத்துகிறது. உடல் தகுதியும் பார்ப்பார்கள்: 4 மணி நேரத்தில் ஆண்கள் 25 கிலோமீட்டர், பெண்கள் 14 கிலோமீட்டர் நடக்க வேண்டும். உதவி வனப் பாதுகாவலர், வனத்தொழில் பழகுநர் பதவிகளுக்கு மாநிலத் தேர்வாணையம் ஆள் எடுக்கிறது. வங்கிகளின் வேளாண் அலுவலர் பதவிக்கும் வனவியல் பட்டதாரிகள் விண்ணப்பிக்கலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வனத்துறையில் இடங்கள் குறைவு, போட்டி அதிகம். காக்கிச் சட்டை ஒன்றையே நம்பிப் பிள்ளையைச் சேர்த்தால் ஏமாற்றம் வரலாம்.

வெளியே உள்ள வாய்ப்பு

காகித ஆலைகளுக்குச் சவுக்கு, தைலமரம், மலைவேம்பு தேவை. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள அரசுக் காகித ஆலை, விவசாயிகளின் நிலத்தில் மரம் வளர்ப்பதை ஊக்குவிக்கிறது. நாற்று கொடுக்கவும், தோட்டத்தைப் பார்வையிடவும், வெட்டுக் காலம் சொல்லவும் இத்தகைய பணிகளில் படித்தவர்கள் தேவை. பிளைவுட் ஆலைகள், தொண்டு நிறுவனங்கள், ஆராய்ச்சி நிலையங்களிலும் வாய்ப்பு உண்டு.

வேலை கிடைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். தண்ணீர் வசதியுள்ள பத்து சென்ட் நிலமும் நிழல் வலையும் இருந்தால் சிறிய நாற்றங்கால் தொடங்கலாம். நல்ல தாய் மரத்தின் விதை எது, கலப்பு விதை எது என்று தெரிந்தவரின் நாற்றை நம்பி வாங்குவார்கள்.

ஆள் பற்றாக்குறையால் பல ஊர்களில் வயல்கள் மரத்தோப்பாக மாறி வருகின்றன. நட்ட மரத்துக்குச் சரியான விலை கேட்க, படித்த ஒருவர் ஊருக்கு ஊர் இருந்தாக வேண்டும். அவர் ஏன் உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருக்கக் கூடாது?