கன உலோக நஞ்சுக்குத் தேனீ விஷம் மருந்தாகுமா?

தோல் பதனிடும் ஆலைக் கழிவில் குரோமியமும், பழைய பேட்டரி உருக்கும் இடங்களில் ஈயமும் நிலத்தில் சேர்கின்றன. காட்மியமும் இவ்வகைக் கன உலோகமே. பயிர் பார்வைக்குச் செழிப்பாகவே இருக்கும். ஆனால் ஈயமும் காட்மியமும் கீரை, கிழங்கு வழியே உடலுக்குள் சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இதற்குத் தேனீ விஷம் உதவுமா என்று ஆராய்ந்து வருகிறார்கள். உலர்ந்த தேனீ விஷத்தில் ஏறத்தாழப் பாதி 'மெலிட்டின்' என்னும் பொருள். ஈயமோ காட்மியமோ கொடுத்த எலிகளுக்கு இவ்விஷத்தை மிகச் சிறிய அளவில் ஊசி மூலம் செலுத்தியபோது உறுப்புகளின் சேதம் குறைந்ததாகச் சோதனைகளில் கண்டுள்ளனர். அளவு மிஞ்சினாலோ, அதே மெலிட்டின் உயிரணுக்களை உடைத்துவிடும்.

எலிக்கு உதவியது மனிதருக்கு மருந்தாகிவிடாது. இதை நம்பித் தேனீயைக் கொட்டவிட்டுக் கொள்ளாதீர்கள். ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரே கொட்டில் உயிர் போகலாம். கொட்டினால் கொடுக்கை உடனே அகற்றுங்கள். மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உடலில் ஏறிய ஈயத்தைப் பிணைத்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்துகளும் அங்கேதான் உண்டு.

விவசாயிகள் செய்ய வேண்டியவை:

1. ஆலைக் கழிவு நீரைப் பாய்ச்சாதீர்கள்.

2. ஐயமிருந்தால் மண்ணையும் கிணற்று நீரையும் கன உலோகத்துக்கெனத் தனியே சோதிக்கச் சொல்லுங்கள். வழக்கமான தழை, மணி, சாம்பல் சத்துச் சோதனையில் இது தெரியாது.

3. அமில நிலமானால் பரிந்துரைப்படி சுண்ணாம்பும், அத்துடன் தொழு உரமும் இடுங்கள். பயிரில் காட்மியம் ஏறுவது குறையும்.

4. கெட்ட நிலத்தில் கீரை, கிழங்கை விட்டுப் பருத்தி, பூ பயிரிடலாம்.

தேனீயைத் தேனுக்கும் மகரந்தச் சேர்க்கைக்கும் வளருங்கள், வைத்தியத்துக்கு வேண்டாம்.