நாக்கு நுனியில் ஒரு மவுஸ்

கழுத்தெலும்பு முறிந்து தண்டுவடம் நசுங்கினால் கை போகும், கால் போகும். சிலருக்கு மூச்சுவிடவே இயந்திரம் வேண்டியிருக்கும். நாக்கு மட்டும் வழக்கம்போல் சுழலும். கைகால்களுக்கான நரம்புகள் தண்டுவடம் வழியாக இறங்குகின்றன. நாக்கை அசைக்கும் பன்னிரண்டாவது கபால நரம்போ மூளைத்தண்டிலிருந்து நேரே வாய்க்கு வந்துவிடுகிறது. கழுத்தில் விழுந்த அடி பொதுவாக அதைத் தொடுவதில்லை. நாக்கு சீக்கிரம் களைப்பதும் இல்லை. மூளையில் அசைவுக்கான பகுதியில் நாக்குக்கும் வாய்க்கும் ஒதுக்கப்பட்ட இடமோ, கைக்கு ஒதுக்கியதற்குக் கிட்டத்தட்ட ஈடு.

உயரத்திலிருந்து விழுவதும் சாலை விபத்தும்தான் இந்தியாவில் தண்டுவடக் காயத்துக்கு முக்கியக் காரணங்கள். காக்களூர்த் தொழிற்பேட்டை, கும்மிடிப்பூண்டி சிப்காட் என்று ஆலைகளும் லாரிகளும் நிறைந்த நம் திருவள்ளூர் வட்டாரத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நாக்கையே மவுஸாக்கும் முயற்சியில் பெயர் பெற்றது அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் மைசம் கோவன்லூ குழு செய்த 'டங் டிரைவ்'. பருப்பளவு காந்தம் நாக்கில் இருக்கும். தலையில் மாட்டிய ஹெட்செட்டின் சென்சார்கள் கன்னங்களுக்கு அருகே நீண்டிருக்கும். நாக்கு அசைந்தால் காந்தப்புலம் மாறும். அந்த மாற்றத்தைக் கருவி கட்டளையாகப் படித்து, கர்சரையோ சக்கர நாற்காலியையோ நகர்த்தும். முதலில் காந்தத்தைப் பசை போட்டு ஒட்டிப் பார்த்தார்கள். சில மணி நேரத்தில் விழுந்துவிட்டது. பிறகுதான் மூக்குத்திபோல நாக்கைத் துளைத்து டைட்டானியக் குமிழில் வைத்தார்கள். கைகால் செயலிழந்த 11 பேரிடம் நடத்திய சோதனை 2013-ல் வெளியானது. குழாயில் ஊதியும் உறிஞ்சியும் இயக்கும் பழைய முறையைவிட இது சுமார் மூன்று மடங்கு வேகம், துல்லியமும் குறையவில்லை.

நாக்கைத் துளைப்பதா என்று தயங்குவோருக்கு இன்னொரு வழி: மேலண்ணத்தில் பொருத்தும் தட்டு. அமெரிக்காவின் ஆக்மென்டல் நிறுவனத்து 'மவுத்பேட்' அந்த வகை. அவரவர் வாய்க்கு அளவெடுத்துச் செய்கிறார்கள். நாக்கு தடவினால் ப்ளூடூத் வழியே கர்சர் ஓடும். பல் செட்டுக்கு அச்சு எடுக்கும் மருத்துவர் எந்த ஊரில்தான் இல்லை? அளவெடுக்கும் வேலையையாவது இங்கேயே செய்யலாம் என்பது என் கணிப்பு.

வாய் பேசுமே, போனில் பேசியே டைப் செய்யலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம்தான். ஆனால் மூச்சு பலம் குறைந்தவரின் குரல் மின்விசிறிக்கும் டிவிக்கும் நடுவே போனுக்கு எட்ட வேண்டும். வங்கிக் கடவுச்சொல்லை நாலு பேர் முன்னால் சத்தமாகச் சொல்லவும் முடியாது.

திரையில் விசைப்பலகையை வைத்து ஒவ்வோர் எழுத்தாக நாக்கால் சொடுக்கும்போது, ஒரு தட்டு மிச்சமானாலும் லாபம். 'தண்ணீர்' என்று எழுத, இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையில் ஷிஃப்டைக் கணக்கிடாமலே ஏழு தட்டுகள். தமிழ்99 விசைப்பலகையில் ஆறே: த, ண, ண, ஈ, ர, புள்ளி. ஒரே மெய் அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால் முதலாவதற்குத் தமிழ்99 தானே புள்ளி வைத்துவிடும். விரலால் அடிக்கிற நமக்கு இது பெரிதாகத் தெரியாது. படுத்தபடி பக்கம் பக்கமாக எழுதுகிறவருக்குத் தெரியும்.

எல்லாருக்கும் நாக்குதான் வழி என்று சொல்ல மாட்டேன். நரம்புச் சிதைவு நோயான ஏ.எல்.எஸ். நாக்கையும் முடக்கிவிடும். மூளை முடக்குவாதக் குழந்தைகள் பலருக்கு நாக்கே கட்டுப்படாது. அந்தக் குழந்தைகளுக்குப் படத்தைத் தொட்டால் பேசும் 'ஆவாஸ்' போன்றவை பொருந்தும். சென்னையின் அஜித் நாராயணன் அதை உருவாக்கியபோது, மாற்றுத்திறனாளிகளுக்காக 1985 முதல் இயங்கும் வித்யாசாகர் நிறுவனம் உடன் நின்றது. இதுபோன்ற கருவி இல்லாமலும் சாதித்தவர் உண்டு: கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்த ஆய்க்குடி எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கி ஆயிரக்கணக்கானோருக்கு மறுவாழ்வு தந்தார். அவருடைய மன உறுதியைக் காட்டி, மற்றவர்களுக்குக் கருவி எதற்கு என்று கேட்பது மட்டும் நியாயமில்லை.

வீட்டில் யாருக்காவது தேவை என்றால், இணையத்தில் விலை தேடுவதற்கு முன் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரிடம் காட்டி, எந்தத் தசை சொன்னபடி கேட்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பிறகு கடம்பத்தூரில் மின்சார ரயில் ஏறி சென்னைக்குப் போய்வாருங்கள். காமராஜர் சாலை லேடி வெலிங்டன் வளாகத்தில் 2022-ல் திறந்த 'மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ்' இருக்கிறது. உதவிக் கருவிகளைக் கண்ணால் பார்த்து, கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு முடிவெடுங்கள்.