மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை

மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை மலேசியாவின் கோலாலம்பூரில் உள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தின் கலை, சமூக அறிவியல் புலத்தைச் சேர்ந்தது. 1956ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. தமிழ் மொழி, தமிழ் இலக்கியம், இந்திய வரலாறு, பண்பாடு, மலேசிய இந்தியர் வாழ்வு ஆகியவை இத்துறையின் கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் உரிய பொருள்கள். தோட்டத் தொழிலாளராகக் கப்பலேறிச் சென்ற மக்களின் மொழி, அவர்கள் சென்று சேர்ந்த நாட்டின் பல்கலைக்கழகத்தில் பாடமானதற்கு இத்துறை சான்று. அதற்காக அம்மக்களே நிதி திரட்டிக் கொடுத்தனர்.

புலப்பெயர்வுப் பின்னணி

பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில் மலாயாவின் கரும்பு, காப்பி, இரப்பர்த் தோட்டங்களுக்கும், இரயில்பாதை, சாலை, துறைமுக வேலைகளுக்கும் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் கொண்டுசெல்லப்பட்டனர். தொடக்கத்தில் ஒப்பந்தக் கூலி முறை இருந்தது. மலாயாவுக்கு இம்முறையில் ஆள் அனுப்புவது 1910இல் முடிவுக்கு வந்தது. அதனுடன் வளர்ந்துவந்த கங்காணி முறையே பின்னர் முதன்மை பெற்றது. தோட்டத்தில் ஏற்கெனவே வேலை செய்த ஒருவர் தம் ஊருக்குத் திரும்பி வந்து, உறவினரையும் ஊராரையும் திரட்டி அழைத்துச் செல்வது கங்காணி முறை. 1907இல் அமைக்கப்பட்ட இந்தியக் குடியேற்ற நிதி இவர்களின் பயணச் செலவை ஏற்றது. சென்னையை அடுத்த ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் குடியேற்ற முகாம்கள் இருந்தன. அங்கே மருத்துவச் சோதனை முடிந்த பிறகு தொழிலாளர்கள் கப்பலில் ஏற்றப்பட்டனர். 1938இல் இந்திய அரசு, உதவிபெற்றுச் செல்லும் தொழிலாளர் புலப்பெயர்வுக்குத் தடை விதித்தது.

சென்னைத் துறைமுகம் இப்பயணங்களின் முதன்மையான வாயில்களுள் ஒன்று. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ என்னும் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களுக்கு இடையே பல பத்தாண்டுகள் ஓடியது. பயணிகளில் பெரும்பாலோர் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துச் சென்றவர்கள். 1970களில் இதன் இடத்திற்கு ‘எம்.வி. சிதம்பரம்’ வந்தது. 1985இல் அக்கப்பலில் ஏற்பட்ட தீ விபத்துக்குப் பின் இந்தப் பயணிகள் கப்பல் சேவை நின்றுபோனது.

மலாயாவுக்குச் சென்ற இந்தியர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் தமிழர். தோட்டங்களில் அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளிகள் இருந்தபோதும் அவற்றில் தொடக்கக் கல்வியோடு படிப்பு நின்றது. தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு அதற்கு மேல் தமிழ் கற்க உள்நாட்டில் வழி இல்லாதிருந்தது. பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்ற கோரிக்கைக்கு இந்தக் குறையே அடிப்படை.

துறையின் தோற்றமும் மொழி விவாதமும்

மலாயாப் பல்கலைக்கழகம் 1949ஆம் ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூரில் நிறுவப்பட்டது. ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரியும் இராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து இப்பல்கலைக்கழகமாயின. மலாய், சீனம், இந்தியம் ஆகிய மூன்று பண்பாடுகளையும் பல்கலைக்கழகத்தில் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்தபோது, இந்திய ஆய்வியல் துறையை எவ்வாறு அமைக்கலாம் என்று வரலாற்றறிஞர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியிடம் (1892–1975) கருத்துக் கேட்கப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு, தொல்லியல் பேராசிரியராக இருந்தவர் அவர். சோழர் வரலாற்றை விரிவாக எழுதியவர். அவர் புதிய துறையில் சமற்கிருதத்துக்கு முதன்மை தர வேண்டும் என்று பரிந்துரைத்தார்.

தென்கிழக்காசியாவின் பழங்கல்வெட்டுகள் பலவும் சமற்கிருதத்தில் உள்ளன. மலாய் மொழியிலும் சமற்கிருதச் சொற்கள் மிகுதி. பழைய வரலாற்றை ஆராய்வோருக்கு அம்மொழி தேவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்நாட்டில் வாழ்ந்த இந்தியர்கள் வீட்டிலும் தோட்டத்திலும் பேசியது தமிழ். துறை எதை ஆராய வேண்டும், தொலைவில் இருக்கும் இந்தியாவின் செவ்வியல் மரபையா, கண்ணெதிரே வாழும் மக்களின் மொழியையும் இலக்கியத்தையுமா என்பதே விவாதத்தின் மையமாக இருந்தது.

தமிழ் முரசு நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி (1903–1974) இப்பரிந்துரையை எதிர்த்து இயக்கம் நடத்தினார். திருவாரூரில் பிறந்து இளமையில் சிங்கப்பூர் சென்ற அவர், தமிழர் சீர்திருத்தச் சங்கத்தில் பணியாற்றியவர். 1935இல் தமிழ் முரசைத் தொடங்கியவர். துறையில் தமிழே முதன்மை மொழியாக இருக்க வேண்டும் என்று தம் இதழில் தொடர்ந்து எழுதினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டவும் அழைப்பு விடுத்தார். துறைக்குத் தேவையான தமிழ் நூல்களைச் சேர்ப்பது அந்நிதியின் நோக்கம். வணிகர், ஆசிரியர் மட்டுமன்றிக் கூலி வேலை செய்தவர்களும் தம்மால் இயன்ற சிறு தொகைகளைக் கொடுத்தனர். அவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழக வாசலை மிதித்திராதவர்கள்.

1956இல் துறை தொடங்கியபோது தமிழ் அதன் முதன்மை மொழியானது. பின்னர்ப் பல்கலைக்கழகத்தின் கோலாலம்பூர்ப் பிரிவு உருவானதும் துறை அங்கே இடம்பெயர்ந்தது. 1962 சனவரி முதல் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகமும் சிங்கப்பூரில் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகமும் தனித்தனியே இயங்கத் தொடங்கின.

தனிநாயகம் அடிகள்

சேவியர் தனிநாயகம் அடிகள் (1913–1980) 1961இல் துறையின் பொறுப்பை ஏற்றார். யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்த கத்தோலிக்கக் குரு அவர். உரோமில் இறையியல் பயின்றார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்றுச் சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றி ஆய்வு செய்தார். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் கற்பித்தார். 1952 முதல் வெளிவந்த ‘தமிழ்க் கல்ச்சர்’ என்ற ஆங்கிலக் காலாண்டிதழை நடத்தினார். தமிழ் அறியாத பிறநாட்டு அறிஞர்களுக்குத் தமிழ் ஆய்வைக் கொண்டுசேர்த்த இதழ் இது.

கோலாலம்பூரில் அவர் செய்த பணிகளுள் மூன்று குறிப்பிடத்தக்கவை.

முதலாவது நூல் பதிப்பு. அந்தாம் தெ புரோயென்சா என்ற போர்த்துக்கேயக் குரு தொகுத்த தமிழ்–போர்த்துக்கேய அகராதி 1679இல் கேரளத்தின் அம்பலக்காட்டில் அச்சானது. கிடைத்தற்கரிய அந்நூலின் படி உரோமில் இருந்தது. அதன் நிழற்படப் பதிப்பை 1966இல் இந்திய ஆய்வியல் துறை வெளியிட்டது.

இரண்டாவது ஆய்வாளருக்கான வழிகாட்டி. தமிழியல் பற்றிப் பல மொழிகளில் வெளிவந்த நூல்களின் விவரத்தைத் தொகுத்து அவர் ஆக்கிய நூல் 1966இல் மலாயாப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. ஒரு பொருளைப் பற்றி முன்னர் யார் எழுதியுள்ளனர் என்று தேடும் மாணவருக்கு அன்று வேறு வழி குறைவு.

மூன்றாவது உலகத் தமிழ் மாநாடு. 1964 சனவரியில் புது தில்லியில் கீழ்த்திசை ஆய்வாளர் பேரவை கூடியபோது, தனிநாயகம், வ. ஐ. சுப்பிரமணியம், கமில் சுவெலபில் முதலியோரின் முயற்சியால் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமைக்கப்பட்டது. பிரெஞ்சு அறிஞர் ழான் ஃபிலியோசா அதன் தலைவரானார். மன்றத்தின் முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. மலேசியப் பிரதமர் துங்கு அப்துல் இரகுமான் அதைத் தொடங்கி வைத்தார். இரண்டாம் மாநாடு 1968 சனவரியில் சென்னையில் நடைபெற்றது. மெரினா கடற்கரையில் தமிழறிஞர்களின் சிலைகள் அப்போதுதான் நிறுவப்பட்டன. அவ்வகையில் கடற்கரைச் சிலைகளின் வரலாற்றிலும் இத்துறைக்கு ஒரு பங்கு உண்டு. கோலாலம்பூரில் 1987இலும் 2015இலும் மீண்டும் உலகத் தமிழ் மாநாடுகள் நடந்தன.

பிற அறிஞர்கள்

இராம. சுப்பையா துறையின் விரிவுரையாளர்களுள் ஒருவர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அச்சான தமிழ் நூல்கள், இதழ்களின் பட்டியலைத் தொகுத்தார். ‘தமிழ் மலேசியானா’ என்ற அத்தொகுப்பை மலாயாப் பல்கலைக்கழக நூலகம் 1969இல் வெளியிட்டது. சிற்றூர் அச்சகங்களில் அச்சாகி, சில நூறு படிகளோடு மறைந்துபோகும் நூல்களைத் தேடிப் பதிவு செய்வது எளிய வேலையன்று. மலேசியத் தமிழ் இலக்கிய வரலாற்றை எழுத முனைவோர் இன்றும் இப்பட்டியலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

ச. சிங்காரவேலு சங்ககாலத் தமிழர் சமுதாய வாழ்வைப் பற்றி எழுதிய நூலைத் துறை 1966இல் வெளியிட்டது. தென்கிழக்காசிய நாடுகளில் இராமாயணக் கதை பெற்ற வடிவங்களைத் தமிழ் மரபோடு ஒப்பிட்டு அவர் தொடர்ந்து எழுதினார்.

யாழ்ப்பாணத்தில் பிறந்த வரலாற்றாசிரியர் சின்னப்பா அரசரத்தினம் (1930–1998) 1960களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் இந்தியர் பற்றிய அவரது நூல் 1970இல் வெளிவந்தது. பின்னர் ஆத்திரேலியாவின் நியூ இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற அவர், சோழமண்டலக் கடற்கரை வணிகத்தைப் பற்றிய ஆய்வுகளால் புகழ்பெற்றார்.

தமிழ்நாட்டிலிருந்து சென்று கற்பித்த இரா. தண்டாயுதம் இக்கால இலக்கியத்தில் ஈடுபாடு கொண்டவர். மலேசிய எழுத்தாளர்களின் படைப்புகளை வகுப்பறைக்கும் கருத்தரங்குக்கும் உரிய பொருளாக ஆக்கினார். உள்ளூர் எழுத்தாளர் ஒருவர் தோட்ட வாழ்க்கையைப் பற்றி எழுதிய கதை, சங்கப் பாடலைப் போலவே ஆய்வுக்குரியது என்ற எண்ணம் இத்தகைய முயற்சிகளால் வேரூன்றியது.

நூலகமும் மாணவர்களும்

இத்தகைய துறை பேராசிரியர்களால் மட்டும் இயங்குவதில்லை. நூல்களைத் தேடி வாங்குவோர், பட்டியலிடும் நூலகர், பழைய நாளிதழ்களைக் காக்கும் பணியாளர், தம் ஊர்ப் பெரியவர்களிடம் சென்று கேட்டு எழுதிவரும் மாணவர் ஆகியோரின் உழைப்பும் அதில் அடங்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் நகரங்களுக்கு இடம்பெயர்ந்த பிறகு, தோட்டப் பள்ளி, கோயில் திருவிழா, நாட்டுப்பாடல் ஆகியவை பற்றிய செய்திகள் பெரும்பாலும் முதியவர்களின் நினைவில்தான் இருந்தன. அவற்றைத் திரட்டுவதற்குத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மாணவரே ஏற்றவர்.

மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை மாணவர்களின் அமைப்பு. 1980கள் முதல் அது நடத்திவரும் சிறுகதைப் போட்டியில் தேர்ந்த கதைகள் ‘பேரவைக் கதைகள்’ என்ற தொகுப்புகளாக வருகின்றன. மலேசியத் தமிழ் எழுத்தாளர் பலருக்கு இப்போட்டி முதல் மேடையாக அமைந்தது. துறையில் பயின்றோர் பள்ளி ஆசிரியர், விரிவுரையாளர், ஊடகவியலாளர் எனப் பல பணிகளில் உள்ளனர்.

பிறநாடுகளில் ஒப்பான நிறுவனங்கள்

குடியேறிய சமூகம் ஒன்று தன்னைப் பற்றிய ஆய்வுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கோருவது தமிழர்க்கு மட்டும் உரிய நிகழ்வன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மெக்சிகோ, புவேர்ட்டோ ரிக்கோ முதலிய இடங்களை வேராகக் கொண்ட இலத்தீனோ மக்கள் 1960களின் இறுதியில் இதே கோரிக்கையை முன்வைத்தனர். மாணவர் போராட்டங்களின் விளைவாக, லாஸ் ஏஞ்சலிசில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1969இல் சிக்கானோ ஆய்வு மையமும், நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் 1973இல் புவேர்ட்டோ ரிக்கோ ஆய்வு மையமும் தோன்றின. நோட்ர டேம் பல்கலைக்கழகத்தின் இலத்தீனோ ஆய்வு நிறுவனம் 1999இல் தொடங்கப்பட்டது. சமூகவியலாளர் கில்பெர்ட்டோ கார்டனாஸ் அதன் முதல் இயக்குநர்.

அங்கும் இங்கும் பணிகள் ஒத்தவை. மறைந்துபோகும் ஆவணங்களைச் சேர்ப்பது, வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்வது, கல்வி, வேலை, வருவாய் பற்றிய நிலையை ஆராய்வது, அச்சமூகத்து மாணவரை ஆய்வாளராக்குவது ஆகியன அவை. மலாயாவில் தமிழர் நிதி திரட்டியது இவற்றுக்கு முந்தையது.

வடசென்னையும் திரும்பி வந்தோரும்

கப்பலேறியவர்களின் வரலாற்றுக்குப் புறப்பட்ட கரையிலும் ஒரு பக்கம் உண்டு. பர்மாவில் 1962இல் இராணுவ ஆட்சி ஏற்பட்டு, கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையானபோது, அங்கு வாழ்ந்த தமிழர்கள் பெருந்தொகையாகத் தாயகம் திரும்பினர். அவர்களில் பலரை ஏற்றிவந்த கப்பல்கள் சென்னைத் துறைமுகத்தில் நின்றன. துறைமுகத்துக்கு எதிரே 1969இல் உருவான பர்மா பஜார், வியாசர்பாடி, எண்ணூர் முதலிய இடங்களில் அமைந்த குடியிருப்புகள், மாலை நேரத்தில் தள்ளுவண்டியில் விற்கும் அத்தோ ஆகியவை அவ்வருகையின் தடங்கள். எண்ணூரில் பர்மா நகர் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

இரங்கூனில் பிறந்து வடசென்னையில் முதுமை அடைந்தவர்கள் இன்று குறைந்து வருகின்றனர். கப்பல் சீட்டு, அடையாளச் சான்று, பர்மியப் பள்ளிச் சான்றிதழ், பழைய நிழற்படம் போன்றவை இன்னும் சில வீடுகளின் பெட்டிகளில் இருக்கின்றன. மலாயாவில் துறை வளர்ந்த கதை இத்தகைய பொருள்களின் மதிப்பை உணர்த்துகிறது. ஒரு சமூகத்தின் வரலாறு நூலகத்தை அடைவதற்கு, அச்சமூகத்தினர் அதைக் காக்கத்தக்கது என்று முதலில் கருத வேண்டியிருந்தது. தோட்டத் தொழிலாளர் கொடுத்த சிறு தொகைகள் அந்தக் கருத்தின் வெளிப்பாடு. இராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ கல்லூரியில் படிக்கும் மாணவர் ஒருவர் தம் தெருவில் உள்ள முதியவரிடம், எந்தக் கப்பலில் எந்த ஆண்டு வந்தீர்கள் என்று கேட்டு எழுதி வைப்பதும் அதே பணியின் தொடர்ச்சி ஆகும்.