போடிச் சந்தையும் ஏலமலைக் காடும்

ஒரு நகரம் சுற்றியுள்ள நிலத்தை எவ்வளவு மாற்றியது என்பதை மக்கள்தொகையைக் கொண்டு அளப்பது வழக்கமாயினும், தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூருக்கு அந்த அளவுகோல் பொருந்துவதில்லை. 2001இல் ஏறத்தாழ 73,000 ஆக இருந்த அதன் மக்கள்தொகை 2011இல் 75,000ஐச் சற்றே தாண்டியது. ஆனால் அதன் ஏலக்காய்ச் சந்தை, போடிமெட்டுக்கு மேற்கே கேரளத்தின் பூப்பாறை, சாந்தன்பாறை, வண்டன்மேடு வரையிலான மலைக்காடுகளின் உருவத்தையே மாற்றியிருக்கிறது.

மலைக்கும் ஊருக்குமான இந்தப் பிணைப்பு பாதைகளால் உண்டானது. மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவழியாகக் கொட்டகுடிக்கு இறக்கப்பட்டு, வண்டிகளில் போடி வந்து சேர்ந்தது. 1928இல் மதுரையிலிருந்து ரயில் பாதை வந்தபின் மலைச் சரக்கு முழுவதற்கும் போடியே இறங்குதுறையாயிற்று. இன்று பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலையில் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிய ஜீப்புகள் காலையில் மேலேறுகின்றன. காய் மூட்டைகள் கீழிறங்குகின்றன.

ஏலச்செடி நேர்வெயில் தாங்காது என்பதால், தொடக்ககாலத் தோட்டக்காரர்கள் அடிக்காட்டை மட்டும் திருத்திவிட்டுப் பெருமரங்களை நிழலுக்காக நிறுத்தினர். காட்டை அடியோடு அழிக்காமல் பணம் தந்த பயிர்கள் அரிது என்ற வகையில் இது போற்றத்தக்க ஏற்பாடு. எனினும் ஐந்து கிலோ பச்சைக்காயை ஒரு கிலோ உலர்காயாக்க, 'ஸ்டோர்' எனப்படும் உலர்கூடத்தில் ஏறக்குறைய ஒரு நாள் முழுதும் சூடேற்ற வேண்டியிருந்தது. அதற்கான விறகு காட்டிலிருந்தே வந்தது. பின்னர் பரவிய 'ஞள்ளானி' என்னும் அதிக விளைச்சல் ரகம் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்குவதால், மரக்கிளைகளைக் கழிக்கும் கவாத்து கடுமையாகி நிழல் மெலிந்தது. உரமும் பூச்சிமருந்தும் பெருகின. ஏல மையத்தில் காயின் பருமனுக்கும் பசுமைக்கும் விலை வைக்கப்படுகிறதே தவிர, அது விளைந்த நிழல் கணக்கில் வருவதில்லை என்பதே இம்மாற்றத்தின் ஆணிவேர்.

இதில் கவனிக்க வேண்டிய மற்றொன்று நீர்ப்பிரிமேடு, அதாவது மழைநீர் இருபுறமும் பிரிந்தோடும் மலைமுகடு. முகட்டுக்கு மேற்கே ஏலத்தோட்டங்களில் பெய்யும் மழை பன்னியாறு வழியாகப் பெரியாற்றுக்குச் சென்றுவிடுவதால், அங்கே மண் அரிக்கப்பட்டாலும் ஓடை வற்றினாலும் போடிவாசிகளின் குடத்தில் அது தெரிவதில்லை. போடியை நனைக்கும் கொட்டகுடி ஆறோ, தென்மேற்குப் பருவமழை குறைவாக எட்டும் மழைமறைவுப் பகுதியான கிழக்குச் சரிவில் பிறந்து வைகையைச் சேர்கிறது. அச்சரிவிலும் மாந்தோப்புகளும் இலவமரங்களும் காப்பியும் பழைய காட்டின் இடத்தில் நிற்கின்றன. அடிவாரத்தில் ஆற்றுநீர் தேங்கும் கண்மாய்களின் ஓரங்களை ஊர் நெருங்கி வருகிறது. கண்மாய் கெட்டால் கிணறு வற்றுவதைப் போடி உடனே உணரும். முகட்டுக்கு அப்பாலுள்ள காட்டுக்கு அத்தகைய காவல் இல்லாததால் அரசு தலையிட வேண்டியதாயிற்று.

பூப்பாறைக்கு அருகே ஆக்கிரமிப்புகளால் சுருங்கிவந்த மதிகெட்டான் சோலையை 2003இல் கேரள அரசு தேசியப் பூங்காவாக அறிவித்தது. மலைமடிப்புகளில் ஈரம் காத்து நிற்கும் அடர்ந்த குறுங்காடே சோலை. பன்னியாற்றுக்கு நீர் தரும் ஓடைகள் சில அங்கிருந்தே புறப்படுகின்றன. பூங்காவின் பரப்பு 12.82 சதுர கிலோமீட்டர் மட்டுமே. சுற்றியுள்ள தோட்டங்களில் எஞ்சிய நிழல்மரங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.