பிந்தி வளரும் பிள்ளை சோனியா?

ஒரே வயது, வேறு உடம்பு

ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் 14 வயதுக்குட்பட்டோர் ஓட்டத்துக்கு நிற்கும் பையன்களைப் பாருங்கள். ஒருவனுக்கு மீசை அரும்பிக் குரலும் உடைந்திருக்கும். பக்கத்தில் நிற்பவன் அவன் தோளுக்குத்தான் வருவான். பிறப்புச் சான்றிதழ் இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்திவிடுகிறது. பெண்பிள்ளைகள் சராசரியாக 12 வயதிலும் பையன்கள் 14 வயதிலும் மிக வேகமாக உயர்கிறார்கள்; ஓரிரு வருடம் முன்பின்னாவது இயல்பே. அந்த வேகம் பிடித்த பையன் ஒரே வருடத்தில் 9, 10 சென்டிமீற்றர் வளர்வான், தசையும் இதயமும் நுரையீரலும் கூடவே பெருக்கும். அவன் முந்துவதில் பயிற்சியைவிடப் பருவத்துக்கே பெரும்பங்கு இருக்கலாம். பிந்தியவனைச் சோனி என்று ஒதுக்கி உட்கார வைப்பது அவசரத் தீர்ப்பு.

மெதுவா, தேக்கமா?

ஆனால் எல்லாப் பிந்தலும் இயல்பானதல்ல. 2016 தேசிய குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட 100 பிள்ளைகளில் ஏறத்தாழ 32 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். நாடு முழுவதற்கும் இது 17. சத்துக்குறைவால் குன்றிய பிள்ளைக்கும் பருவம் பிந்துகிறது, அப்பாவைப்போல் இயல்பாகவே பிந்தி வளரும் பிள்ளைக்கும் பிந்துகிறது. ஒருநாள் பார்வையில் இருவரும் ஒன்றுதான். வேறுபாடு வேகத்தில் தெரியும்: இயல்பாகப் பிந்துகிறவன் குட்டையாக இருந்தாலும் பருவத்துக்கு முன் வருடத்துக்கு 5 சென்டிமீற்றரளவில் உயர்ந்துகொண்டே போவான், மற்றவனின் கோடு வளர்ச்சி அட்டையில் சரியும்.

"நம்ம ஆட்களே கட்டைதானே" என்பார்கள். பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை இந்தியா, கானா, நோர்வே உட்பட ஆறு நாடுகளில் நடத்திய ஆய்வில், நல்ல உணவும் சுகாதாரமும் கிடைத்த சிறுபிள்ளைகள் ஏறக்குறைய ஒரே மாதிரியே வளர்ந்தார்கள். பிந்தி வயதுக்கு வந்தால் பிந்தி வளர்வான் என்ற வாதமும் அரை உண்மைதான். வளரும் காலம் நீளும். காலையில் ரொட்டியும் வெறுந்தேத்தண்ணியுமே சாப்பாடென்றால் நீண்ட காலம் மட்டும் என்ன செய்யும்? கொலம்பியாவில் சத்துக்குறைந்த சிறுவர்களைச் சோதித்தபோது, உடல் எடைக்கு ஏற்ப அவர்களின் உழைப்புத் திறன் மற்றவர்களுக்குச் சமமாகவே இருந்தது. உடம்பு சிறுத்ததால்தான் மொத்த வலு குறைந்தது. அவர்களின் தசை பழுதில்லை, போதாமல்தான் இருந்தது.

முந்தினாலும் கவனம்

அதற்காக பிஸ்கட்டும் இனிப்புப் பானமும் கொடுத்து அவசரமாகக் கொழுக்க வைப்பது தீர்வல்ல. அதிக எடையுள்ள சிறுமிகள் பெரும்பாலும் முந்தியே பெரியபிள்ளை ஆகிறார்கள். அப்படி முந்தியவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு, மார்பகப் புற்றுநோய் அபாயம் சற்றுக் கூடுதல். சடங்கோடு அவர்களின் விளையாட்டை நிறுத்துவது (நிறுத்தத்தான் செய்கிறோம்) அபாயத்தைக் கூட்டவே உதவும். பருப்போ முட்டையோ நெத்தலியோ கீரையோ தினம் சேர்வதும், ஒரு மணிநேரம் ஓடியாடுவதும் முந்தியவருக்கும் பிந்தியவருக்கும் பொது. 13 வயதாகியும் மார்பு வளரத் தொடங்காத பெண்பிள்ளை, 14 ஆகியும் பருவ அடையாளமே இல்லாத பையன், 8 வயதுக்கு முன்பே மாற்றம் கண்ட சிறுமி, இவர்களை டாக்டரிடம் காட்ட வேண்டும். பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகும்போது சிறுவயதில் நிறுத்துப் பதிந்த வளர்ச்சி அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். வேகத்தைக் கணிக்கப் பழைய அளவுகள் தேவை.